ஒரு காருக்கு வெண்ணெய், மறு காருக்குச் சுண்ணாம்பா?

2025 செப்டம்பர் 7. ஃபார்முலா 1 கார் பந்தயம், இத்தாலியின் மான்சா ஓடுதளம். 53 சுற்றுப் பந்தயம் முடியப்போகும் நேரம். மெக்லாரன் அணியின் ஆஸ்கர் பியாஸ்ட்ரி இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். அந்த ஆண்டின் ஓட்டுநர் பட்டியலிலும் முதலிடம் அவருக்குத்தான். 34 புள்ளி முன்னிலை. அவருக்குப் பின்னால் வருபவர் அதே அணியின் லாண்டோ நோரிஸ், பட்டியலில் இரண்டாமவர். ரேடியோவில் உத்தரவு வருகிறது: நோரிஸுக்கு வழிவிடு. டயர் மாற்ற நிற்கும் பிட் ஸ்டாப் தாமதமாவதும் பந்தயத்தில் சேர்ந்ததுதான் என்று முன்பே பேசிவைத்திருந்தோமே என்று கேட்டுவிட்டு, பியாஸ்ட்ரி ஒதுங்கிக்கொண்டார்.

பட்டியலில் முதலிடத்தில் இருப்பவரைச் சொந்த அணியே பின்னுக்குத் தள்ளுவது என்ன நியாயம் என்று ஒரு தரப்பு கொதித்தது. முதலில் முன்னால் இருந்தது நோரிஸ்தானே, அவர் இடத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்ததில் என்ன தவறு என்றது மறுதரப்பு. அந்த உத்தரவை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. ஒரே அணிக்குள் இருவர் எப்படிப் போட்டியாளர்கள் ஆகிறார்கள், அணி யார் பக்கம் சாய்கிறது என்பது எங்கே தெரியும் என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

ஒரு பந்தயம், இரண்டு பட்டியல்

ஃபார்முலா 1-ல் ஒவ்வோர் அணியும் இரண்டு கார்களை இறக்குகிறது. பந்தயம் ஒன்றுதான், ஆனால் அதன் முடிவு இரண்டு பட்டியல்களில் ஏறுகிறது. ஒன்று ஓட்டுநர் பட்டம், 1950 முதல் இருப்பது. மற்றது அணிப் பட்டம், 1958-ல் வந்தது. 2010 முதல் வெற்றிக்கு 25 புள்ளி, அடுத்தடுத்த இடங்களுக்கு 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1. இருவரும் எடுக்கும் புள்ளிகளைக் கூட்டினால் அணியின் கணக்கு.

சிக்கல் இந்தக் கூட்டலில்தான் இருக்கிறது. ஓர் அணி முதலிரண்டு இடங்களையும் பிடித்தால் 25-ம் 18-ம் சேர்ந்து 43. இருவரில் யார் முன்னால் வந்தாலும் அந்த 43 மாறாது. அணிகளுக்குக் கிடைக்கும் பரிசுப் பணம் பெரும்பாலும் அணிப் பட்டியலின் வரிசைப்படி பிரிகிறது. ஓட்டுநருக்கோ அந்த 25-க்கும் 18-க்கும் இடையில் இருக்கும் 7 புள்ளிதான் வாழ்க்கை.

இதிலிருந்து மூன்று விளைவுகள்:

1. தன் இரு கார்களும் முட்டிமோதுவதால் அணிக்கு ஒரு புள்ளிகூட அதிகம் கிடைக்காது. இருவரும் மோதி வெளியேறினால் 43-ம் போகும். எனவே அணியின் இயல்பான ஆசை, முன்னால் போகிறவர் போகட்டும், பின்னால் வருகிறவர் அப்படியே வரட்டும் என்பது.

2. மோதினால் பணமும் போகும். 2021 முதல் அணிகளின் ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. உடைந்த முன் இறக்கைக்குச் செலவாகும் பணம், புதிய பாகம் உருவாக்க வைத்திருந்த பணத்திலிருந்துதான் போகிறது.

3. அணியின் நடுநிலை என்பது இருவரும் வெளி ஆட்களிடம் புள்ளி இழக்காத வரைதான். மூன்றாவதாக ஒருவர் பட்டத்துக்கு நெருங்கி வந்துவிட்டால், "யாராக இருந்தாலும் சரி" என்ற நிலைப்பாட்டுக்கு விலை கொடுக்க வேண்டிவரும்.

ஒரே அளவுகோல்

வேறு அணிக்காரரிடம் தோற்றால் காரைக் காரணம் காட்டலாம். சக ஓட்டுநரிடம் தோற்றால் காட்ட முடியாது. அதே கார், அதே எஞ்சின், அதே டயர். பந்தய உலகம் ஓர் ஓட்டுநரை எடைபோடும் தராசு அவருடைய சக ஓட்டுநர்தான். அடுத்த ஒப்பந்தம், சம்பளம், இருக்கை எல்லாம் அந்தத் தராசில் தொங்குகின்றன. ஆகவே "முதலில் தோற்கடிக்க வேண்டியவன் உன் சக ஓட்டுநன்" என்பது இந்தத் தொழிலில் வன்மம் அல்ல, பிழைப்பு.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. இருவருடைய தரவுகளும் இருவருக்கும் திறந்தே இருக்கும். எந்தத் திருப்பத்தில் எத்தனை மீட்டர் முன்னால் பிரேக் பிடித்தார், எங்கே ஆக்ஸிலரேட்டரை மிதித்தார் என்பதைச் சக ஓட்டுநரும் அவருடைய இன்ஜினியரும் கோட்டின் மேல் கோடு வைத்துப் பார்க்கலாம். தேர்வறையில் விடைத்தாளைப் பக்கத்து மேசைக்காரரிடம் ஒவ்வொரு முறையும் காட்டியே ஆக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? வேகமானவர் கண்டுபிடித்த உத்தி மறுநாள் காலையில் மெதுவானவருக்கும் தெரிந்துவிடும்.

இது பொறுக்காமல் சுவர் எழுப்பியவர்களும் உண்டு. 2008-ல் மோட்டோஜிபி பைக் பந்தயத்தில் யமஹா அணியின் கொட்டகைக்குள் வாலன்டினோ ரோஸிக்கும் ஹோர்ஹே லோரன்ஸோவுக்கும் நடுவில் நிஜமாகவே ஒரு தடுப்பு நின்றது. ரோஸி பிரிட்ஜ்ஸ்டோன் டயரிலும் லோரன்ஸோ மிஷெலின் டயரிலும் ஓட்டியதால், டயர் ரகசியம் கசியக்கூடாது என்பது காரணம். அடுத்த ஆண்டு எல்லாரும் ஒரே டயருக்கு வந்துவிட்டார்கள். தடுப்பு போகவில்லை.

சலுகை ஒளிந்திருக்கும் இடங்கள்

பாரபட்சம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ரேடியோ உத்தரவு. அது எல்லாருக்கும் கேட்கிறது என்பதால்தான் அது பேசுபொருள் ஆகிறது. கேட்காத சலுகைகளே அதிகம்.

1. *காரின் போக்கு.* எல்லாவற்றையும்விட ஆழமானது இதுவே, கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரிவதும் இதுவே. கார் ஒருமுறை செய்து முடித்த பொருள் அல்ல. ஆண்டு முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். எந்த மாற்றம் வேண்டும் என்பதை ஓட்டுநர்கள் சொல்வதைக் கேட்டு இன்ஜினியர்கள் முடிவெடுப்பார்கள். இயல்பாகவே வேகமானவரின் சொல்லுக்கு எடை கூடும். ரெட் புல் அணியில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்குப் பிடித்தது, முன்பகுதி சட்டென்று திரும்பக்கூடிய, பின்பகுதி நழுவத் தயாராக நிற்கும் கார். அவரால் அதை அடக்கி ஓட்ட முடியும். பக்கத்து இருக்கைக்கு வந்தவர்களைப் பாருங்கள்: பியேர் காஸ்லி 2019-ல் 12 பந்தயங்களோடு இறக்கப்பட்டார்; அலெக்ஸ் ஆல்பன் 2020 முடிவில் இடம் இழந்தார்; செர்ஜியோ பெரெஸ் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்து 2024-ல் வெளியேறினார்; லியம் லாசனுக்கு 2025-ல் கிடைத்தது இரண்டே பந்தயங்கள். யாரும் இவர்களை வேண்டுமென்றே கவிழ்க்கவில்லை. வேகமான கார் எந்தத் திசையில் இருக்கிறது என்று தேடிப் போன அணி, ஒருவரால் மட்டுமே ஓட்டக்கூடிய காரில் போய் நின்றது என்பதே என் கணிப்பு. அதன் விலை 2024-ல் தெரிந்தது. வெர்ஸ்டாப்பன் 437 புள்ளியோடு பட்டம் வென்றார், பெரெஸ் எடுத்தது 152. கூட்டினால் 589, அணிப் பட்டியலில் மூன்றாம் இடம்.

2. *புதிய பாகம்.* புதிதாகத் தயாரான பாகம் ஒன்றே ஒன்று இருந்தால் யாருக்கு மாட்டுவது? 2010-ல் சில்வர்ஸ்டோனில் ரெட் புல்லிடம் புதிய வகை முன் இறக்கைகள் இரண்டு இருந்தன. செபாஸ்டியன் வெட்டலுடையது பயிற்சியில் பழுதானது. மார்க் வெபரின் காரிலிருந்து கழற்றி வெட்டலுக்கு மாட்டினார்கள். பழைய இறக்கையோடு ஓடி அந்தப் பந்தயத்தை வென்ற வெபர், "நம்பர் டூ ஓட்டுநருக்கு இது மோசமில்லை" என்று ரேடியோவிலேயே குத்தினார்.

3. *பிட் வரிசை.* ஒவ்வொரு காருக்கும் தனி இன்ஜினியர், தனி மெக்கானிக்குகள். ஆனால் பந்தயத்தின் நடுவில் டயர் மாற்றும் குழு இரு கார்களுக்கும் ஒன்றுதான். எனவே யாராவது ஒருவர் முதலில் உள்ளே வர வேண்டும். முதலில் வருபவருக்குப் புது டயர் முதலில் கிடைக்கும். தேய்ந்த டயரைவிடப் புது டயர் ஒரு சுற்றுக்குக் கணிசமாக வேகம் என்பதால், பின்னால் இருந்தவர் முதலில் டயர் மாற்றிக்கொண்டால் முன்னால் இருந்தவரைச் சாலையில் தொடாமலேயே தாண்டிவிடலாம். இதற்கு அண்டர்கட் என்று பெயர். அதனால்தான் "முன்னால் இருப்பவருக்கே முதல் அழைப்பு" என்பது அணிகளின் எழுதாத சட்டம். சக ஓட்டுநர்களுக்கு இடையேயான பெரும்பாலான தகராறுகளைத் தோண்டினால் அடியில் இந்தச் சட்டம் மீறப்பட்ட ஒரு தருணம் கிடைக்கும்.

4. *தகுதிச் சுற்று வரிசை.* பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்பதை முடிவு செய்யும் ஓட்டம்தான் தகுதிச் சுற்று. கார்கள் ஓட ஓடத் தார்ச்சாலையில் ரப்பர் படிந்து பிடிமானம் கூடும். கடைசியாக வெளியே போகிறவருக்கு லாபம். நீண்ட நேர்க்கோடு உள்ள மான்சாவில் முன்னால் போகும் காரின் காற்று மறைவில் ஓடினால் நேரம் குறையும். இருவருக்கும் இந்த இரண்டு வசதிகளையும் மாற்றி மாற்றிக் கொடுக்க அணிகள் அட்டவணையே போட்டு வைத்திருக்கின்றன.

5. *ரேடியோ உத்தரவு.* இது கடைசி ஆயுதம். மேலே உள்ள நான்கும் கைகொடுக்காதபோது எடுப்பது.

தடை செய்து பார்த்தார்கள், முடியவில்லை

அணி உத்தரவு பந்தயத்துக்குப் புதியதல்ல. 1956-ல் மான்சாவில் ஃபெராரியின் பீட்டர் காலின்ஸ் தனக்கே பட்டம் வெல்லும் வாய்ப்பு இருந்தும் காரை நிறுத்தி இறங்கி, தலைமை ஓட்டுநர் ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோவிடம் கொடுத்தார். அன்று விதி அதை அனுமதித்தது, புள்ளியைப் பகிர்ந்துகொண்டார்கள், ஃபாஞ்சியோ சாம்பியன் ஆனார். அதைப் பெருந்தன்மை என்றே எல்லாரும் பேசினார்கள். 1964-ல் மெக்ஸிகோவில் லொரென்ஸோ பாண்டினி வழிவிட்டதால் அவருடைய சக ஓட்டுநர் ஜான் சர்டீஸ் இரண்டாம் இடம் வந்து, ஒரே புள்ளியில் பட்டம் வென்றார். அதற்கும் பெரிய கூச்சல் எழவில்லை.

கூச்சல் எழுந்தது 2002 மே 12-ல், ஆஸ்திரியாவில். பந்தயம் முழுக்க முன்னணியில் ஓடிய ஃபெராரியின் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ, முடிவுக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் வேகத்தைக் குறைத்துச் சக ஓட்டுநர் மைக்கேல் ஷூமாக்கருக்கு வெற்றியைக் கொடுத்தார். வித்தியாசம் 0.182 விநாடி. பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். சங்கடப்பட்ட ஷூமாக்கர் பரிசு மேடையில் முதலிடப் படிக்கட்டில் பாரிக்கெல்லோவை ஏற்றினார். மேடை ஒழுங்கை மீறியதற்காக 10 லட்சம் டாலர் அபராதம் வந்தது. கவனியுங்கள், அபராதம் மேடை நாடகத்துக்குத்தான். உத்தரவு அன்று குற்றமே இல்லை.

கோபத்துக்குக் காரணம் உத்தரவு மட்டுமல்ல, அது தேவையே இல்லாமல் இருந்ததும்தான். அன்றைய முறைப்படி வெற்றிக்கு 10, இரண்டாம் இடத்துக்கு 6. நான்கு புள்ளிக்காகச் செய்த வேலை. அந்த ஆண்டு ஷூமாக்கர் எடுத்தது 144, பாரிக்கெல்லோ 77. ஆறு பந்தயங்கள் மிச்சம் இருக்கும்போதே பட்டம் முடிந்துவிட்டது.

2003 முதல் பந்தய முடிவைப் பாதிக்கும் அணி உத்தரவுகளுக்குத் தடை வந்தது. விளைவு என்ன? உத்தரவு போகவில்லை, சங்கேதமாக மாறியது. 2010-ல் ஹாக்கன்ஹைமில் முன்னணியில் இருந்த ஃபெராரியின் ஃபெலிப்பே மாஸாவிடம் அவருடைய இன்ஜினியர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார். புரிந்தது என்று உறுதிப்படுத்த முடியுமா?" தகவல் சொன்னதுதானே, உத்தரவா அது? மாஸா வழிவிட்டார், சக ஓட்டுநர் ஃபெர்னாண்டோ அலோன்ஸோ வென்றார், ஃபெராரிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். வெற்றி அப்படியே நின்றது. மனத்தில் இருப்பதை நிரூபிக்க வழியில்லாத விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2011 முதல் தடை நீக்கப்பட்டது. எரிபொருளைச் சேமி, டயரைப் பார்த்துக்கொள் என்று ஆயிரம் செய்திகள் போகும் ரேடியோவில் எது அறிவுரை, எது உத்தரவு என்று பிரிக்க முடியாது என்பது ஏழெட்டு ஆண்டு அனுபவத்தில் தெரிந்துபோனது.

2010: உத்தரவிட்டவர் தோற்றார், உத்தரவிடாதவர் வென்றார்

நம்பர் ஒன் வைத்துக்கொள்வது லாபமா, சுதந்திரமாக ஓட விடுவது லாபமா? இதற்குப் பொதுவான விடை கிடையாது. ஆனால் 2010 ஒரே ஆண்டில் இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது.

ஹாக்கன்ஹைமில் ஃபெராரியின் உத்தரவு அலோன்ஸோவுக்கு 7 புள்ளி கூடுதலாகக் கொடுத்தது. ஆண்டு முடிவில் அவர் 252-ல் நின்றார், வெட்டல் 256. அவமானமும் அபராதமும் பட்டு வாங்கிய ஏழு புள்ளி நான்கு புள்ளியில் வீணானது.

ரெட் புல் கதை எதிர்த்திசை. பிரேசில் பந்தயத்துக்குப் போகும்போது அதன் இரு ஓட்டுநர்களில் பட்டியலில் மேலே இருந்தவர் வெபர். அங்கே வெட்டல் முதலாவது, வெபர் இரண்டாவது. அலோன்ஸோவைப் பிடிக்க வேண்டுமானால் வெபரை முன்னால் விடுவதுதான் புத்திசாலித்தனம் என்று பலரும் சொன்னார்கள். அணி இடமாற்றவில்லை. கடைசிப் பந்தயத்துக்கு முன் அலோன்ஸோ 246, வெபர் 238, வெட்டல் 231. அபுதாபியில் வெட்டல் வென்றார், அலோன்ஸோ ஏழாவது, வெபர் எட்டாவது. முடிவு: வெட்டல் 256, அலோன்ஸோ 252, வெபர் 242.

இப்போது பிரேசிலில் இடமாற்றியிருந்தால் என்று கணக்குப் போடுவோம். வெட்டலுக்கு 7 குறைந்து 249. வெபருக்கு 7 கூடி 249. அலோன்ஸோ 252-ல் சாம்பியன். பட்டத்துக்காக "புத்திசாலித்தனமாக" நடந்துகொண்டிருந்தால் ரெட் புல் பட்டத்தை இழந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு, சுதந்திரமே மேல் என்ற முடிவுக்குப் பாய வேண்டாம். 1986-ல் வில்லியம்ஸ் அணியின் நைஜல் மான்செலும் நெல்சன் பிக்கேவும் ஒருவருக்கொருவர் புள்ளியைப் பறித்துக்கொள்ள, அணிப் பட்டம் வில்லியம்ஸுக்கு வந்தது, ஓட்டுநர் பட்டமோ மெக்லாரனின் அலைன் ப்ரோஸ்டுக்குப் போனது. 2007-ல் அதே கதை மெக்லாரனுக்கே திரும்பியது: அலோன்ஸோ 109, லூயிஸ் ஹாமில்டன் 109, ஃபெராரியின் கிமி ரைக்கோனன் 110. அந்த ஆண்டு ஹங்கேரித் தகுதிச் சுற்றில் ஹாமில்டன் தன் முறைக்காகப் பின்னால் காத்திருக்க, அலோன்ஸோ பிட் இடத்தைவிட்டு நகராமல் நின்று அவருடைய கடைசிச் சுற்றைப் பறித்தார்; ஐந்து இடம் பின்னால் தள்ளப்பட்டார். ஒரே ஆண்டில் அணியைவிட்டும் போனார்.

2019: தீராத கடன்

உத்தரவு ஒருமுறை வந்தால் அது ஒரு பந்தயத்தோடு முடிவதில்லை. அதன் பாக்கி அடுத்த பந்தயத்துக்கு ஏறுகிறது. ஃபெராரியின் 2019 இலையுதிர்காலம் இதற்கு நல்ல பாடம்.

1. மான்சா தகுதிச் சுற்று. வெட்டலுக்குக் காற்று மறைவு தர வேண்டிய முறை சார்ல் லெக்லெருடையது. கடைசி ஓட்டத்தில் எல்லாருமே யாராவது முன்னால் போகட்டும் என்று ஊர்ந்து நேரத்தைத் தொலைக்க, மறைவு கிடைக்கவில்லை. வெட்டலுக்குக் கோபம். ஒரு கடன் பதிவாகிறது.

2. சிங்கப்பூர். லெக்லெர் முன்னணியில் இருக்க, மூன்றாவதாக ஓடிய வெட்டலை முதலில் பிட்டுக்கு அழைத்தார்கள். நோக்கம் நடுவில் இருந்த ஹாமில்டனைத் தாண்டுவது. அண்டர்கட் எதிர்பார்த்ததைவிடப் பலமாக வேலை செய்து லெக்லெரையும் தாண்டிவிட்டது. வெட்டல் வென்றார். அணி சதி எதுவும் செய்யவில்லை. ஆனால் "முன்னால் இருப்பவருக்கே முதல் அழைப்பு" என்ற சட்டம் உடைந்தது. இன்னொரு கடன்.

3. சோச்சி. புறப்பாட்டில் லெக்லெர் தன் காற்று மறைவில் வெட்டலை வர விடுவார், வெட்டல் முன்னால் போய்விட்டால் பிறகு இடத்தைத் திருப்பித் தருவார் என்று ஒப்பந்தம். முன்னால் போன வெட்டல் இடத்தைத் திருப்பித் தரவில்லை. அணி பிட் வரிசையை வைத்தே லெக்லெரை முன்னால் கொண்டுவந்தது. சிறிது நேரத்தில் வெட்டலின் கார் பழுதாகி நின்றது. அதனால் வந்த மெதுவோட்டக் கட்டத்தில் மெர்சிடிஸ் பந்தயத்தையே கொண்டுபோனது.

4. பிரேசில். இரு ஃபெராரிகளும் ஒன்றையொன்று உரசி இரண்டும் வெளியே.

நான்கு நிகழ்வுகளிலும் அணி சொன்ன விளக்கம் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம்தான். பிரச்சினை, ஒவ்வோர் ஓட்டுநரும் தன் பக்கக் கணக்கேட்டை மட்டும் வைத்திருந்தார்.

நம்பிக்கை உடைந்தால் விலை புள்ளியோடு நிற்காது என்பதற்கு 1982 இருக்கிறது. இமோலாவில் ஃபெராரி "மெதுவாக" என்று பலகை காட்டியது. இருக்கும் வரிசையிலேயே முடிக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார் ஷில் வில்னவ். டிடியர் பிரோனி அப்படி எடுத்துக்கொள்ளாமல் தாண்டிப் போய் வென்றார். இனி பிரோனியோடு பேசப்போவதில்லை என்றார் வில்னவ். 13 நாள் கழித்து ஸோல்டர் தகுதிச் சுற்றில் அவர் இறந்தார்.

எழுதிவைத்த சமத்துவம்

மெக்லாரன் 2024-லும் 2025-லும் எடுத்தது மூன்றாவது வழி: நம்பர் ஒன் கிடையாது, முழுச் சுதந்திரமும் கிடையாது, ஒப்புக்கொண்ட விதிகள் உண்டு. அணியின் ஆரஞ்சு நிறத்தை வைத்து இதற்குப் பப்பாளி விதிகள் என்று பெயர் நிலைத்துவிட்டது. சாரம் எளிது: போட்டியிடலாம், மோதக்கூடாது, அணி எடுத்த முடிவால் ஒருவருக்குக் கிடைத்த லாபம் திருப்பித் தரப்படும்.

கடைசிப் பகுதிதான் வழுக்கல். 2024 ஹங்கேரியில் முன்னணியில் இருந்த பியாஸ்ட்ரிக்கு முன்பே நோரிஸை பிட்டுக்கு அழைத்தார்கள். நோரிஸ் முன்னால் வந்துவிட்டார். திருப்பிக் கொடு என்று இன்ஜினியர் கெஞ்சாத குறையாகச் சொல்லிச் சொல்லி, 70 சுற்றுப் பந்தயத்தில் 68-ம் சுற்றில்தான் நோரிஸ் வழிவிட்டார். பியாஸ்ட்ரிக்கு முதல் வெற்றி. பட்டத்துக்கு வெர்ஸ்டாப்பனைத் துரத்திக்கொண்டிருந்த நோரிஸிடம் 7 புள்ளியை வாங்கியது முட்டாள்தனம் என்று அன்று பலர் எழுதினார்கள். ஆண்டு முடிவில் வித்தியாசம் 63. ஏழால் எதுவும் ஆகியிருக்காது.

மான்சா 2025 இதன் கண்ணாடிப் பிம்பம். முன்னால் இருந்தவர் நோரிஸ். பின்னாலிருந்து வந்த லெக்லெரிடமிருந்து பியாஸ்ட்ரியைக் காக்க, அவரை முதலில் அழைக்க அணி விரும்பியது. அண்டர்கட் ஆகாது என்ற உறுதியின் பேரில் நோரிஸ் ஒப்புக்கொண்டார். 45-ம் சுற்றில் பியாஸ்ட்ரி, அடுத்த சுற்றில் நோரிஸ். நோரிஸின் முன் சக்கரம் ஒன்று மாட்ட நேரமாகி நிறுத்தம் 5.9 விநாடிக்கு இழுத்தது. பியாஸ்ட்ரி முன்னால் போனார்.

இங்கே இரண்டு விதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. வரிசையை மாற்றியது அணி. அதன் லாபம் திருப்பித் தரப்பட வேண்டும். ஆனால் இடத்தைப் பறித்தது வரிசை மாற்றமல்ல, மெதுவான நிறுத்தம். அது பந்தயத்தின் விபத்து. பியாஸ்ட்ரியின் முணுமுணுப்பு இந்த இரண்டாவது வாதம்தான், அதில் சட்டப்படி பலம் இருக்கிறது. என் பார்வையில் அணி செய்தது சரியே, ஆனால் சொன்ன காரணம் அரைகுறை. "நிறுத்தம் மெதுவானது" என்பதல்ல அடிப்படை. "முதல் அழைப்பை விட்டுக்கொடுத்தால் இடம் போகாது என்று வாக்குக் கொடுத்தோம்" என்பதே அடிப்படை. வாக்கை மீறியிருந்தால் அடுத்த பந்தயத்தில் இருவரில் யாரும் முதல் அழைப்பை விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

விதிகள் எழுதினால் தண்டனையும் எழுத வேண்டும். சிங்கப்பூரில் முதல் சுற்றில் நோரிஸ் பியாஸ்ட்ரியை உரசினார். அதற்கு அணி கொடுத்த தண்டனை தகுதிச் சுற்று வரிசையில் விட்டுக்கொடுப்பது. அடுத்து ஆஸ்டினில் ஸ்பிரிண்ட் எனப்படும் குறும்பந்தயத்தில் இருவரும் சிக்கிய விபத்தில் பியாஸ்ட்ரிக்குப் பங்கிருந்ததால் அந்தத் தண்டனை ரத்தானது. கத்தாரில் எல்லாரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்தபோது மற்றவர்கள் டயர் மாற்ற உள்ளே போக மெக்லாரனின் இரு கார்களும் வெளியிலேயே நின்றன, வெர்ஸ்டாப்பன் வென்றார். இருவரையும் சமமாக நடத்தப் போய்தான் இப்படி ஆனதா என்ற சந்தேகம் கிளம்பியது. மற்ற எல்லாரும் உள்ளே போவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்பது அணி சொன்ன காரணம்.

மூன்று புள்ளி

மான்சாவில் கைமாறியது இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம்: 18-ல் 15 போக மூன்று. பியாஸ்ட்ரியின் முன்னிலை 34-லிருந்து 31 ஆனது. அவ்வளவு பெரிய முன்னிலையில் மூன்று போனால் என்ன என்றுதான் அன்று தோன்றியது. அன்றைய வாதம் முழுக்க இந்த மூன்று நோரிஸுக்கா, பியாஸ்ட்ரிக்கா என்பதுதான். அந்தப் பந்தயத்தை வென்ற வெர்ஸ்டாப்பனை யாரும் பட்டப் போட்டியில் சேர்க்கவே இல்லை.

டிசம்பர் 7-ல் அபுதாபியில் பட்டியல் இப்படி முடிந்தது: நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410.

மான்சாவில் பியாஸ்ட்ரி வழிவிடாமல் போயிருந்து, மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் பியாஸ்ட்ரி 413. அப்போதும் மூன்றாவது. நோரிஸ் 420. வெர்ஸ்டாப்பன் 421.